மாடியில் மரப்பெட்டி: தச்சரிடம் வாசகர் கேட்டவை

சென்ற இதழில் என் வீட்டு மாடியிலுள்ள காய்கறிப் பெட்டிகளின் படம் வெளியானதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால், அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திருச்சி உறையூரில் 36 வருடமாகத் தச்சு வேலை செய்கிறேன். கதவு, சன்னல், கட்டில் என்பதுதான் தொழில். பெட்டி செய்யத் தொடங்கியது 2012-இல், என் மனைவிக்காக. இப்போது மாடியில் 7 பெட்டிகள் இருக்கின்றன. கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை எல்லாம் அவற்றிலிருந்துதான் எங்கள் சமையலுக்கு வருகின்றன.

வந்த கடிதங்களில் மரத்தைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். பாரத்தைப் பற்றிக் கேட்டவர் ஒரே ஒருவர். அவருக்கு முதல் பதில்.

கேள்வி: எங்களுடையது 2005-இல் கட்டிய கான்கிரீட் வீடு. மாடி முழுக்க 10, 12 மரப்பெட்டிகள் வைக்க ஆசை. தளம் தாங்குமா? – வாசகர், கே.கே.நகர், சென்னை

பதில்: ஐயா, பத்துப் பன்னிரண்டு வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ஆள் ஏறி நடமாடும் மாடிக்கு நம் நாட்டுத் தர விதி (ஐ.எஸ். 875) கொள்ளும் பாரம், சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். நம் கணக்கில் சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ. தளத்தின் சொந்த எடை போக, மேலே வந்து சேரும் எடைக்கான கணக்கு இது. இப்போது பெட்டிக்கு வாருங்கள். நனைந்த தோட்டமண் ஒரு கன அடி 45 முதல் 50 கிலோ இருக்கும். தென்னைநார்த் தூள் பாதி, செம்மண்ணும் மட்கிய உரமும் மீதிப் பாதி என்று கலந்தால், தண்ணீர் ஊற்றிய பிறகு கன அடிக்கு 28 கிலோ பக்கம் வரும். அப்படியானால், 1 அடி ஆழப் பெட்டியில் கலவை மட்டுமே சதுர அடிக்கு 28 கிலோ. விதி சொல்வதைப் போல இரண்டு மடங்கு. வெறும் தோட்டமண்ணை அள்ளிக் கொட்டினால் மூன்று மடங்கைத் தாண்டிவிடும்.

அதற்காகப் பெட்டியே வைக்கக் கூடாது என்பதில்லை. அந்த 14 கிலோ என்பது தளம் முழுக்கப் பரவிக் கிடக்கும் பாரம். நீங்கள் பெட்டிகளைச் சுவரின் தலைக்கு மேலும், பீமின் தலைக்கு மேலும் வைத்து, அறையின் நடுப்பகுதியைக் காலியாக விட்டால், பாரம் நேராகச் சுவர் வழியாக இறங்கிவிடும். கீழே போய், ஒவ்வொரு சுவரும் மாடிப்படி அறையிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்று டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். மேலே வந்து அதே அளவுக்குச் சாக்பீஸில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் 4 அல்லது 5 பெட்டிகள். நடுவில் ஏதாவது வேண்டுமென்றால் அரை அடி ஆழக் கீரைப் பெட்டி ஒன்றிரண்டு போதும். அது நனைந்தாலும் சதுர அடிக்கு 14-ஐ ஒட்டியே நிற்கும். வீட்டின் வரைபடத்தை ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டி, இந்தக் கோட்டைச் சரிபார்த்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

இன்னொன்று. வெளிச்சுவர் மேல் பாரம் இறங்கும் என்பதால் எல்லோரும் பெட்டியைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஒன்றரை அடி உயரப் பெட்டி, மூன்றடிச் சுவருக்கு ஒரு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். பிள்ளை ஏறி எட்டிப் பார்க்க ஒரு நொடி போதும். என் பேத்தி பிறந்ததும் நான் செய்த முதல் வேலை, சுவரோரம் இருந்த இரண்டு பெட்டிகளை மாடிப்படி அறையின் சுவருக்கு நகர்த்தியதுதான்.

கேள்வி: எங்கள் பாட்டி வீடு மெட்ராஸ் டெரஸ் தளம், மர உத்திரம் போட்டது. மேலே பெட்டி வைக்கலாமா? – வாசகி, மயிலாப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தத் தளம் தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தில் பிடித்துக் கட்டியது. உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். ஈரம் அங்கே இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளேயே உளுத்துப்போகும். அப்படி உளுத்த உத்திரங்களைக் கழற்றி மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன். தினமும் தண்ணீர் ஊற்றும் எந்தப் பொருளும் அந்த மாடிக்கு ஆகாது. முற்றத்திலோ கிணற்றடியிலோ வெயில் விழும் இடம் பாருங்கள். அங்கே பெட்டி வைத்தால் என்ன பாரமும் ஏற்றலாம்.

கேள்வி: 4 அடிக்கு 2 அடியில் ஒரு பெட்டி செய்யச் சரியான அளவு எழுதுங்கள். எங்கள் ஊர் ஆசாரியிடம் காட்டிச் செய்துகொள்கிறேன். – வாசகி, தஞ்சாவூர்

பதில்: எழுதுகிறேன். அதற்கு முன் என் முதல் பெட்டி என்ன ஆனது என்று சொல்லவேண்டும். ஆசாரிமார்கள் பலரும் அதே தவறைத்தான் செய்வார்கள்.

நான் கதவு செய்து பழகியவன். இடுக்கில் காற்றுகூடப் போகாமல் பொருத்துவதுதான் நல்ல வேலை என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். 2012-இல் அந்தப் புத்தியோடுதான் பெட்டி செய்தேன். பலகையும் பலகையும் இறுகச் சேர்ந்து, மூலைகளில் புறா வால் இணைப்பு போட்டு, உள்ளே முழுக்கப் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, காலே இல்லாமல் தளத்தின் மேல் அப்படியே வைத்தேன். பார்க்க நகைப்பெட்டி மாதிரி இருந்தது. ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் தேங்கியது. கத்தரிச் செடிகள் ஈரத்தில் நின்றுகொண்டே வாடின. தை மாதம் பெட்டியைத் தூக்கியபோது அடிப்பலகை கையோடு பிய்ந்து வந்தது. அதற்கு நேர் கீழே எங்கள் படுக்கையறைக் கூரையில் ஒரு முறத்தளவு ஈரக் கறை. அந்தக் கறையை இன்னும் வெள்ளையடிக்காமல் வைத்திருக்கிறேன். தண்ணீர் எப்படி வெளியேறும் என்று முதலில் யோசித்துவிட்டு, அப்புறம்தான் மரத்தில் கை வைக்க வேண்டும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைவு வரும்.

இப்போது அளவு. இழைத்த பிறகு 1 அங்குலக் கனம், 5 அங்குல அகலம் நிற்கும்படி பலகை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீளப் பக்கத்துக்கு 48 அங்குலத்தில் 6 துண்டுகள். அகலப் பக்கத்துக்கு 22 அங்குலத்தில் 6 துண்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று பலகை அடுக்கினால் 15 அங்குல உயரம் வரும். அடுக்கும்போது பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி விடச் சொல்லுங்கள். ஆசாரி மனது கேட்காது, நீங்கள் வற்புறுத்துங்கள். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் ஈரம் குடித்து விரியும். இடம் விடாவிட்டால் ஒன்றை ஒன்று தள்ளி, ஸ்க்ரூவைப் பிடுங்கிவிடும்.

மூலைக்கு 2 அங்குலச் சதுரத்தில் 4 கால்கள், ஒவ்வொன்றும் 18 அங்குலம். மேலே பலகையோடு சமமாக நிறுத்தினால் கீழே 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கால் நிற்கும். அந்த இடைவெளியில் துடைப்பம் நுழைய வேண்டும், காற்று ஓட வேண்டும், தளத்தின் வாட்டத்தில் மழைத் தண்ணீர் தடையில்லாமல் குழாய்க்குப் போக வேண்டும். பலகையைப் பலகையின் முனையில் அடிக்காமல், காலின் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். முனையில் ஏறிய ஸ்க்ரூ இரண்டு மழைக்குப் பிறகு பிடி விட்டுவிடும். துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ, எட்டாம் நம்பர், 2 அங்குல நீளம், ஒரு பலகை முனைக்கு இரண்டு. மூலைகளுக்கு மட்டும் 48 ஸ்க்ரூ ஆகும். முதலில் டிரில்லில் துளை போட்டுவிட்டுத்தான் முடுக்க வேண்டும். இரு பக்க ஸ்க்ரூவும் காலுக்குள் ஒன்றோடொன்று மோதாதபடி, ஒரு பக்கத்தை மூன்று நூல் மேலே தூக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சாதா இரும்பு ஆணி வேண்டவே வேண்டாம்.

அடிப்பாகம்தான் முக்கியம். நீளப் பக்கங்களின் உள்ளே, கீழ் விளிம்பை ஒட்டி ஒன்றரை அங்குல ரீப்பர் (ஒல்லியான மரச் சட்டம்) அடித்து, அதன் மேல் 22 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் 11 பட்டைகளைக் குறுக்கே அடுக்க வேண்டும். பட்டைகளுக்கு இடையில் ஒன்றரை நூல் இடைவெளி. ஓரப் பட்டை இரண்டையும் காலுக்காக மூலையில் வெட்டிக்கொள்ள வேண்டும். பட்டைகளுக்கு ஸ்க்ரூ வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும். மண்ணின் பாரமே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். நாலைந்து வருடத்தில் ஒரு பட்டை உளுத்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். பட்டைகளின் நடுவில், அடியிலிருந்து தளம் வரை தாங்கும்படி ஒரு முட்டுக்கட்டையும் வேண்டும்.

கடைசியாக, 4 அடி நீளப் பக்கம் நடுவில் வயிறு தள்ளும். மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே, இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு ரீப்பரைக் குறுக்கே பிடித்தால் தள்ளாது. மண்ணுக்குள் மறைந்துவிடும், வேர் அதைச் சுற்றிப் போய்க்கொள்ளும்.

எல்லாம் சேர்த்து மரம் 2 கன அடிக்குச் சற்று மேல். சேதாரத்தோடு இரண்டரை வாங்குங்கள். கலவை 190 லிட்டர் பிடிக்கும். உள்ளே 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆழம் கிடைக்கும். கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய் எல்லாவற்றுக்கும் அது போதும்.

கேள்வி: தேக்குதான் வேண்டுமா? – வாசகர், மதுரை (இதே கேள்வி கரூர், விருதுநகர், காரைக்கால் வாசகர்களிடமிருந்தும்)

பதில்: தேக்கு என்ற பெயர் வேண்டாம், வைரம் பாய்ந்த கட்டை வேண்டும். இளம் தேக்கை அறுத்தால் ஓரத்தில் வெளுத்த பாகம் நிறைய இருக்கும். அது தேக்கேயானாலும் ஈரத்தில் சீக்கிரம் மட்கிவிடும். தேக்கு விலை கொடுத்து அந்த வெள்ளையை வாங்கி ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே காசுக்குக் குறைவாக வேம்பு, பூவரசு, பலா, கருவேலம் இவற்றின் வைரக் கட்டை கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். மாமரமும் ரப்பர் மரமும் பெட்டிக்கு ஆகாது.

எனக்கு மிகவும் பிடித்தது, ஓட்டு வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பழைய கைமரமும் ரீப்பரும். பல பத்து வருடம் கூரையில் காய்ந்தவை, இனி முறுக்காது. என் மாடியின் 7 பெட்டிகளில் 4 அப்படி வந்தவை. ஒன்று முழுக்கப் பனங்கை. அதை அறுக்கும்போது ரம்பத்தின் பல் மழுங்கியது, சிலாம்பு கையில் ஏறியது. ஆனால் 2014-இல் செய்த அந்தப் பெட்டியில் இன்றுவரை ஒரு பட்டைகூட நான் மாற்றவில்லை.

பெயின்ட் அடித்த பழைய கதவு, சன்னலை மட்டும் எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு நம் நாட்டில் கடுமையான வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூச்சிலும் மண்ணிலும் கலக்கும்.

கேள்வி: துறைமுகத்தில் சரக்கை அடுக்கி வரும் பைன் மரத் தட்டு, பேலட், மலிவாகக் கிடைக்கிறது. பயன்படுத்தலாமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: முத்திரையைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படம் போட்ட கட்டத்துக்குள் எச்.டி. என்று இருந்தால், கட்டையின் உள்ளே வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். அதை எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ ரசாயனமோ கொட்டிய கறை உள்ளதும் வேண்டாம். சூடு காட்டியதால் பைன் உறுதியாகிவிடாது தம்பி. மழையில் இரண்டு மூன்று வருடம் தாங்கினால் பெரிது. பக்கச் சுவர்களுக்கு மட்டும் உள்ளே கனமான ஷீட் அடித்தால் இன்னும் கொஞ்ச நாள் வரும். அடியில் ஷீட் போடக் கூடாது.

கேள்வி: வடிகாலுக்காகப் பெட்டியின் அடியில் உடைந்த ஓடும் ஜல்லியும் இரண்டு அங்குலம் போடுகிறேன். சரிதானே? – வாசகி, திண்டுக்கல்

பதில்: நானும் பல வருடம் போட்டவன்தான். இப்போது போடுவதில்லை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பான்ஜ் ஒன்றைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வாக்கில் உள்ளங்கையில் வையுங்கள். சொட்டிச் சொட்டி நின்றுவிடும். இப்போது அதையே செங்குத்தாக நிமிர்த்துங்கள். நின்ற தண்ணீர் மறுபடி வடியும். ஸ்பான்ஜ் அதேதான், உயரம் கூடியதால் வடிந்தது. மண்ணும் அப்படித்தான். நுண்ணிய கலவையிலிருந்து பெரிய ஜல்லிக்குத் தண்ணீர் உடனே இறங்காது. ஜல்லிக்கு மேலே கலவையின் கடைசி ஓரிரு அங்குலத்தில் தேங்கி நிற்கும். ஜல்லி போட்டதால் அந்த ஈரப் பட்டை வேருக்கு இரண்டு அங்குலம் பக்கத்தில் வந்துவிட்டது, மாடிக்குத் தேவையில்லாத பாரமும் ஏறிவிட்டது. பட்டைகளின் மேல் நிழல்வலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் நேராகக் கலவையைக் கொட்டுங்கள். மண் விழாது, தண்ணீர் போகும்.

தென்னைநார்த் தூளை வாங்கியதும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துகொள்ளுங்கள், அதில் உப்பு இருக்கும். நீங்கள் அதைக் கேட்கவில்லை, இருந்தாலும் இங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வேன்.

கேள்வி: எங்கள் வீடு 1994-இல் கட்டியது. பின்வளவில் வீட்டை ஒட்டிய மரத் தளமான டெக்கைப் பிரித்துப் புதிதாகப் போட்டோம். கழற்றிய பலகைகள் இன்னும் நல்ல உறுதி. அவற்றில் தக்காளிக்கும் மிளகாய்க்கும் பெட்டி செய்யலாமா? புது டெக்கில் எந்த இடத்தில் வைக்கலாம்? – வாசகி, ஸ்காபரோ, கனடா

பதில்: அம்மா, அந்தப் பலகைகளை எடுக்காதீர்கள். உறுதியாக இருப்பதற்குக் காரணமே கவலைக்குரியது. வட அமெரிக்காவில் 2003 முடியும் வரை வீட்டு டெக்குகளுக்குப் போட்ட பதப்படுத்திய மரத்தில் பெரும்பாலும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றியிருப்பார்கள். புதிதில் இலேசான பச்சை தெரியும். வெயிலில் அது வெளுத்துச் சாம்பல் நிறமானாலும் ஆர்சனிக் உள்ளேயே இருக்கும், மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அறுக்கவோ இழைக்கவோ வேண்டாம். எரிக்கவே கூடாது, சாம்பலில் அந்த விஷம் இன்னும் செறிந்திருக்கும். உங்கள் நகர நிர்வாகத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.

உங்கள் ஊர்ப் பக்கம் எனக்கு அறிமுகம் உண்டு. மகள் மிசிசாகாவில் இருக்கிறாள். 2018-இல் மே முதல் செப்டம்பர் வரை அங்கே தங்கி, அவளுடைய டெக்கில் இரண்டு பெட்டிகள் செய்தேன். வெஸ்டர்ன் ரெட் சீடர் என்று ஒரு மரம் கிடைக்கிறது. எடையில் தேக்கின் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். இழைப்புளி வைத்தால் சீவல் சுருண்டு சுருண்டு வரும், கொட்டகை முழுக்க வாசனை. மருந்து ஏற்றாமலே ஈரத்தைத் தாங்கும் மரம். அதையே வாங்குங்கள். ஒரு விஷயத்தில் கவனம்: அங்கே "2-க்கு 6" என்று விற்கும் கட்டையை அளந்தால் ஒன்றரை அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம்தான் இருக்கும். நான் பெயரை நம்பி அளவு போட்டு, அகலத் துண்டுகள் அத்தனையையும் மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று. டேப் பிடித்த பிறகே கணக்குப் போடுங்கள். இப்போது விற்கும் பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் இல்லை, செம்புதான் முக்கிய மருந்து. வேலி, படிக்கட்டுக்கு அது சரி. சாப்பிடும் பொருள் விளையும் பெட்டிக்கு நான் சீடரைத்தான் சொல்வேன். எங்காவது பதப்படுத்திய கட்டையில் ஸ்க்ரூ போட நேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகு போடுங்கள், அந்தச் செம்பு சாதா ஸ்க்ரூவை அரித்துவிடும்.

இடம் பற்றி. அங்கே டெக்குக்குப் பொதுவாகக் கொள்ளும் பாரம் சதுர அடிக்கு 40 பவுண்டு, அதாவது 18 கிலோ. 1 அடி ஆழப் பெட்டி இதைத் தாண்டும் என்று மேலே சென்னை வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆகவே வீட்டுச் சுவரை ஒட்டியோ, அடியில் தூண் நிற்கும் இடத்துக்கு நேர் மேலேயோ வையுங்கள். டெக் பலகைகளில் ஸ்க்ரூத் தலைகள் ஒரே வரிசையாகத் தெரியும், அந்த வரிசைக்கு அடியில்தான் தாங்கு கட்டை ஓடுகிறது. பெட்டியின் கால் அந்த வரிசை மேல் உட்காரட்டும். கம்பி வேலியோரம் வைப்பதைப் பற்றி நான் முன்பு சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

குளிர்காலத்தில் பெட்டியின் எடையோடு பனியின் எடையும் சேரும். ஈர மண் உறைந்து விரிந்து பக்கங்களைத் தள்ளும். அதனால் அக்டோபர் முடிவில் கலவையைப் பாதிக்கு மேல் அள்ளித் தோட்டத் தரையில் குவித்து, மிச்சத்தை மூடிவிடுங்கள். மார்ச்சில் சன்னலோரம் நாற்றுப் போட்டு, மே மாதக் கடைசி வாக்கில் வரும் விக்டோரியா நாள் விடுமுறை கழிந்த பிறகு பெட்டிக்கு மாற்றினால் போதும். அதற்கு முன் அவசரப்பட்டால் ஒரே இரவின் உறைபனி எல்லாவற்றையும் கருக்கிவிடும். ஜூனில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கிறது. அந்த வெயிலில் என் மகளின் மிளகாய்ச் செடி காய்த்த காய்ப்பைத் திருச்சியில்கூட நான் பார்த்ததில்லை.

கேள்வி: பெட்டிக்கு வார்னிஷ் அடிக்கலாமா? – வாசகி, நாகர்கோவில்

பதில்: வார்னிஷ் தோல் மாதிரி மேலே நிற்கும். உள்ளே ஈரம், வெளியே வெயில் என்றால் ஒரே வருடத்தில் உரியும். வெளிப்பக்கத்துக்கு மட்டும் பச்சை ஆளி விதை எண்ணெயைத் துணியில் தொட்டு இரண்டு முறை தேய்த்து, ஒவ்வொரு முறையும் சில நாள் நிழலில் காயவிடுங்கள். கடையில் "காய்ச்சியது" என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், அது வேண்டாம். உள்பக்கத்துக்கு ஒன்றுமே வேண்டாம்.

எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள் அம்மா. ஆளி விதை எண்ணெய் காயும்போது தானாகச் சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கும். என் பட்டறையில் ஒரு மதியம் மரத்தூளின் மேல் கிடந்த துணி புகைந்ததைக் கண்ணால் பார்த்தேன். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளியின் பசுமைப் படைக்காக ஒரு சின்னப் பெட்டி நானே செய்ய வேண்டும். எப்படிச் செய்வது? – மாணவன், புதுக்கோட்டை

பதில்: தம்பி, உன் கடிதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முக்கால் அங்குலக் கனம், 6 அங்குல அகலத்தில் ஒரு வேப்பம்பலகை வாங்கு. 24 அங்குலத்தில் இரண்டு, பத்தரை அங்குலத்தில் இரண்டு என்று அறுத்துக்கொள். சின்னத் துண்டுகள் நீளத் துண்டுகளுக்கு நடுவில் உட்கார வேண்டும். இவ்வளவு சின்னப் பெட்டிக்குக் கால்கட்டை வேண்டாம், உள் மூலையில் ஒரு அங்குல ரீப்பர்த் துண்டு வைத்து ஸ்க்ரூ போட்டால் போதும். அடியில் 24 அங்குல நீளம், மூன்றே முக்கால் அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை, இடையில் மூன்று நூல் விட்டு அடித்துவிடு. டிரில் பிடிக்கும்போது மட்டும் அப்பாவோ ஆசிரியரோ பக்கத்தில் இருக்கட்டும். துளை போடும் முன் மூலைமட்டம் வைத்துப் பார், மூலை சரியாக இல்லையென்றால் அப்போதே திருத்திவிடலாம்.

நான்கு மூலைக்கும் ஒவ்வொரு செங்கல் வைத்து அதன் மேல் பெட்டியை உட்கார வை. நிழல்வலை விரித்து, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை கலவை நிரப்பு. சிறுகீரை விதை ஒரு சிட்டிகையை இரண்டு கைப்பிடி மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழாது. மேலே மெல்லிசாகக் கலவையைத் தூவிப் பூவாளியால் தண்ணீர் தெளி, குவளையால் ஊற்றினால் விதை ஓரத்துக்கு ஓடிவிடும். விதைத்த தேதியைப் பெட்டியின் பக்கத்திலேயே பென்சிலால் எழுதி வை. 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். முதல் கீரைக்கட்டை உங்கள் பள்ளிச் சத்துணவுக்கூடத்தில் கொடுத்துவிட்டு, எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுது.